எர்சீலியோவின் மூடுபனி

வெயிலில் நின்று படம் வரைவது பைத்தியக்காரன் வேலை என்பது தையல்காரர் எர்சீலியோவின் திடமான கருத்து. ஈ மொய்க்கும், காற்று தள்ளும், போகிறவன் வருகிறவன் எல்லாம் பின்னால் நின்று யோசனை சொல்வான். ஆனால் வெயிலில் நின்று வரைந்தவர் என்ற பெயர் மட்டும் அவருக்கு வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

மொன்தேபர்னோவில் அக்டோபர் திருவிழா என்றால் படப்போட்டி உண்டு. காலையில் வெறும் கேன்வாஸைக் கொண்டுபோனால் ஊர் அலுவலகத்தில் அதன் பின்பக்கம் முத்திரை குத்துவார்கள். சாயங்காலத்துக்குள் கண்ணெதிரே இருப்பதை வரைந்து கொடுக்க வேண்டும். எல்லாரும் வரைவது ஆலிவ் தோப்போரம் நிற்கும் வயல்வெளி மாதா கோயிலைத்தான்.

எர்சீலியோ அதைக் குளிர்காலத்திலேயே அடுப்படி மேஜையில் ஒரு தபால் அட்டையைப் பார்த்து வரைந்துவிடுவார். நீல வானம், கண் கூசும் வெயில், மணிக்கூண்டின் கரிய நிழல். அதன்மேல் சாக்குக்கட்டித் தூளைக் கரைத்துப் பூசிவிட்டால் வெறும் கேன்வாஸ்தான். முத்திரை குத்துகிறவர்கள் முன்பக்கத்தை எங்கே உற்றுப் பார்க்கப்போகிறார்கள்? அப்புறம் கோயில் சுவருக்குப் பின்னால் போய், ரொட்டியும் சீஸும் தின்று, ஒரு தூக்கம் போட்டு, ஈர ஸ்பாஞ்சால் துடைத்தால் ஓவியம் தயார். உழைப்பு என்றால் அப்படி ஓர் உழைப்பு. பரிசாக வந்த பன்றித்தொடைகளை அவர் மனைவி நீவெஸ் கேள்வி கேட்காமல் சீவிப் பரிமாறினாள்.

அந்த வருஷம் பங்குச் சாமியார் ஓர் அறிவிப்புச் செய்தார். முதல் பரிசுப் படம் கோயிலுக்குள் மாட்டப்படும், கீழே வரைந்தவர் பெயர் பித்தளையில் இருக்கும். எர்சீலியோவுக்குத் தூக்கம் போயிற்று. ஊரார் கால்சட்டைக்கு விளிம்பு மடித்தே தேய்ந்த பிறவியில் பெயர் நிலைக்க வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

திருவிழா அன்று விடிந்ததும் பள்ளத்தாக்கையே மூடுபனி விழுங்கியிருந்தது. சாயங்காலம் வரை விலகவில்லை. மற்றவர்கள் நடுங்கிக்கொண்டே பனியை வரைந்தார்கள். சுவருக்குப் பின்னால் எர்சீலியோவுக்கு வியர்த்தது. துடைத்தால் உள்ளே இருப்பது கொளுத்தும் வெயில். புதிதாக வரையலாம் என்றால், எதிரே இருப்பதைப் பார்த்து ஒரு கோடு போட அவருக்குத் தெரியாது. கடைசியில் ஸ்பாஞ்சைப் பையில் போட்டுவிட்டு, ஈர விரலால் மணிக்கூண்டு இருந்த இடத்தை மட்டும் லேசாகத் தேய்த்தார். வெள்ளைக்குள் கூண்டு மங்கலாகத் தலை காட்டியது.

நகரத்திலிருந்து வந்த நடுவர் அதன்முன் நெடுநேரம் நின்றார். பனியின் ஈரத்தை இவ்வளவு அடக்கமாகப் பிடித்த கையைத் தான் கண்டதில்லை என்றார். படித்த முட்டாளுக்குப் பாராட்டவா சொல்லித்தர வேண்டும்? படம் கோயிலில் ஏறியது. எர்சீலியோ ஞாயிறுதோறும் அதற்கு நேர்கீழே உட்கார்ந்து, பூசையைவிடப் பித்தளையையே அதிகம் பார்த்தார்.

ஈஸ்டருக்கு முன்னால் பெண்கள் முறைவைத்துக் கோயிலைக் கழுவித் துடைப்பார்கள். அந்த முறை நீவெஸுடையது.

ஈஸ்டர் காலையில் ஊரே அண்ணாந்து நின்றது. படத்தில் பளீரென்று வெயில். சாமியார் எர்சீலியோவைப் பார்த்தார்.

“அன்னைக்கு ஒரே மூடுபனியால்ல இருந்துச்சு, எர்சீலியோ?”

“கலைஞ்சிருக்கும், சாமி,” என்றார் எர்சீலியோ, வெட்கமே இல்லாமல்.

நீவெஸ் குறுக்கே வந்தாள். “அழுக்குப் படிஞ்சிருக்குன்னு இவரு பையில இருந்த ஸ்பாஞ்சால நான்தான் தொடச்சேன், சாமி. குளிர்காலத்துல எங்க அடுப்படில இருந்தப்ப இப்படித்தானே வெயிலடிச்சுது.”

படத்தைக் கழற்றிக்கொண்டு போய்விடுவதாக எர்சீலியோ கெஞ்சினார். சாமியார் மறுத்துவிட்டார். படமும் இருக்கட்டும், பெயரும் இருக்கட்டும் என்றார். இரண்டும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. எர்சீலியோ இப்போது கடைசி பெஞ்சில் உட்காருகிறார். பள்ளத்தாக்கில் பனி இறங்கினால் போதும், தையல்கடை வாசலில் யாராவது நின்று கேட்பார்கள்:

“எர்சீலியோண்ணே, கண்ணே தெரியல. அந்த ஸ்பாஞ்ச எடுத்துட்டு வாங்களேன்.”