நோகாத கை

"மாஸ்க்கைக் கழட்டிட்டுச் சொல்லுங்க டாக்டரம்மா!"

நேற்று என் பல் கிளினிக்கில் ஒருவர் கேட்டது இது. இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. ஏன் கேட்டார்? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ராஜபாளையத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. 'நோகாத கை டாக்டரம்மா.' அதில் எனக்கு உள்ளூரப் பெருமைதான். போன மாதம் ஜெபமணி வந்து அந்தப் பெருமையில் மண்ணை அள்ளிப் போட்டார்.

ஜெபமணி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜாக்கெட் தைக்கிறவர். ஐம்பது வயதுப் பெண்மணி, தனியாள். நூலைக் கடித்துக் கடித்தே முன்பல்லில் ஒரு சின்னப் பள்ளம். தெரிந்தவர்கள் கண்ணில் படக்கூடாது என்று பஸ் ஏறி இங்கே வந்தார். பல்லைச் சுற்றிக் காரை கல்லாக இறுகிக் கிடந்தது. ஈறு ஓரத்தில் கருவியை வைத்ததுமே என் கையைத் தள்ளினார். பாவம், பயப்படுகிறார்... மேலோட்டமாகச் சுரண்டிவிட்டு, மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பினேன். நோகவே இல்லை என்று சந்தோஷமாகப் போனார்.

அடுத்த வாரமே திரும்பி வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"நோகாமத்தான் பண்ணுனீக. ஆனா வாய் வாடைக்கு இன்னமும் எந்திரிச்சுப் போயிருதாகளே!"

"யாரு?"

"பஸ்ல எம் பக்கத்து சீட்டுல உக்காருதவுக. அளவெடுக்கக் கிட்டப் போனா மூஞ்சியத் திருப்பிக்கிடுதாக. இப்பல்லாம் அளவுக்குப் பழைய ஜாக்கெட்டைக் குடுத்து விட்டுருதாக, ஆளு வாரதில்ல. எங்கிட்டப் பேச யாரு இருக்கா, சொல்லுங்க?"

அவருக்கு வேண்டியது வெள்ளைப் பல் இல்லை. கிட்டத்தில் ஒரு மனுஷி.

"இன்னைக்கு முழுசா எடுத்திருவோம். வலிக்கும். ரத்தம் வரும். ரெண்டு பல்லு கொஞ்சம் ஆடவும் செய்யும்" என்றேன்.

"ஆடட்டும். எடுங்க."

முடியாவிட்டால் கையைத் தூக்கச் சொன்னேன். செத்த நேரத்துக்கு ஒருமுறை நானே நிறுத்தி, வாய் கொப்பளிக்க விட்டேன். அவர் கையைத் தூக்கவே இல்லை. என் சேலைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டார். வேலை முடிந்தும் விடவில்லை. உண்மையைச் சொல்லட்டுமா? விட்டுவிடப் போகிறாரே என்று இருந்தது எனக்கு. என் கணவர் போன பிறகு யாரும் என்னை அப்படிப் பிடித்ததில்லை.

நோகாமல் இருப்பதுதான் மென்மையா என்ன? 'சௌக்கியமா?' என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் நகர்ந்துவிடுகிறவர்களும் நம்மை நோகடிப்பதில்லைதான்... வலிக்கும் என்று தெரிந்தும் உள்ளே வரை வந்து, நாம் வலி தாங்கும் வரை காத்திருக்கிறவர்கள் எத்தனை பேர்?

சரி, நேற்றுக்கு வருவோம். ஈறு நன்றாக ஆறியிருந்தது. வாடை போய்விட்டது என்று சொன்னேன். அப்போதுதான் அந்த மாஸ்க் பேச்சு. கழற்றினேன். அவர் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தேன். என் கண்ணையே பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"ஒண்ணுமே இல்ல ஜெபமணி" என்றேன். நான் முகத்தைத் திருப்பவில்லை என்பதைத்தான் அவர் முதலில் பார்த்திருப்பார்.

"வரும்போது பஸ்ல ஒரு அம்மா எம் பக்கத்துல உக்காந்துச்சு. ராஜபாளையம் வார வரைக்கும் ஒரே பேச்சு... எம்புட்டுப் பேச்சு! தல வலிக்கி டாக்டரம்மா" என்று கையால் வாயை மூடாமல் சிரித்தார்.

ஆறு மாதம் கழித்து வரச் சொன்னேன். அவசரமாகக் கிளம்பினார். யாரோ அளவு கொடுக்க நேரில் வருகிறார்களாம்.

என் வீடும் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். சாயங்கால பஸ்ஸில் வழக்கம்போல ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஊர் வந்து சேரும்வரை பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. பஸ்ஸில் கூட்டமில்லை, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இருந்தாலும், இறங்குவதற்கு முன் உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்து ஒருமுறை ஊதிப் பார்த்துக்கொண்டேன்.