வெறிச்சன்னி என்று எழுதினார்கள்

மஹய்யாவ பேச்சியம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். மாநகர சபையில் தெருக் கூட்டுகிறவள். கூட்டிய இடத்தில் குப்பையைக் கொட்டிவிட்டு நழுவுகிற கடைக்காரனை நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டாள். ஒரே மகன் கிருஷாந்தன் போனபிறகு அந்த வாயில் ஒரே கேள்விதான் மிச்சம்: "எம் புள்ளைக்கு எப்பங்க வெறி புடிச்சிச்சு?"

அவன் பிலிமத்தலாவையில் ஒரு கடையில் மூட்டை இறக்கியவன். பஸ் நிலையத்தில் ஏதோ வாய்த்தகராறு. பொலிஸ்காரர்கள் வந்து அவனைக் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றி அமுக்கினார்கள். மூச்சு முட்டுகிறது என்று கத்தியவனுக்கு அங்கேயே மூச்சு நின்றது. மரணச் சான்றிதழில் டாக்டர் எழுதிய காரணம் 'வெறிச்சன்னி'. அதாவது, அமுக்கியவர்கள்மேல் தப்பில்லை. அவனே வெறி பிடித்துச் செத்துப்போனான். முழங்காலுக்கு நல்ல பெயர்தான் வைத்தார்கள்!

அன்று அவளைத் தாங்கிப் பிடித்தது அண்ணன் சின்னமுத்து. சபையின் தகனசாலையில் வேலை செய்பவர். "மருமகன மண்ணுல போட வேணாம் தங்கச்சி. எங் கையாலயே ராசா மாதிரி அனுப்பி வைக்கிறேன்" என்றார். பேச்சியம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். சாம்பலைக் கெட்டம்பேயில் மகாவலி ஆற்றில் கரைத்தார்கள்.

பிறகு புதுச் சட்டம் வந்தது. வெறிச்சன்னி என்று இனி யாருடைய சாவுக்கும் காரணம் எழுதக்கூடாது. பழைய பதிவுகளையும் திருத்தக் கேட்கலாம். பேச்சியம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டுச் சட்டத்தரணி லோஜினியிடம் ஓடினாள்.

"அந்தச் சொல்ல எடுத்துரலாம்மா. ஆனா அமுக்கினதாலதான் செத்தார்னு எழுத வைக்க, உடம்பத் தோண்டி எடுத்து மறுபடி பாக்கணும். எங்க பொதைச்சீங்க?"

"பொதைக்கலீங்க. சாம்பல ஆத்துல கரைச்சிட்டோம்" என்றாள் பேச்சியம்மா.

"எரிச்சிட்டீங்களா? அப்ப 'காரணம் தெரியாது'ன்னு மட்டுந்தாம்மா வரும்."

வீட்டு வாசலிலேயே சின்னமுத்து காத்திருந்தார். "என்ன சொன்னாங்க தங்கச்சி? ஜெயிச்சிருவோம்ல?"

அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வாள்? "நம்மளுக்கு அந்தச் சட்டம் சரிவராதாம்ண்ணே."

அவர் அரசாங்கத்தைத் திட்டித் தீர்த்தார். திட்டட்டும் என்று விட்டுவிட்டுச் சோறு போட்டாள். அவர் பிசைந்து வாயில் வைக்கப்போகும்போது, அடக்கி வைத்தது தானாக வெளியே வந்துவிட்டது.

"அண்ணே, நான் செத்தா எரிச்சிராதீங்க. மண்ணுல போடுங்க."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கையிலிருந்த கவளம் மெல்லத் தட்டிலேயே இறங்கியது.