இரண்டாவது பட்டன்

அவளுக்குச் சரியக்கா என்று பெயர் வைத்தது சலவைக்கூடத்துப் பெண்கள்தான். "இந்த மூட்டையையும் சேத்து மடிச்சிடுக்கா" என்றால் சரி. "இன்னிக்கு என் வேலையையும் பாத்துக்கோக்கா" என்றால் அதற்கும் சரி. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிறவி என்று அவள் காதுபடவே பேசிக்கொள்வார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

அந்தக் கூடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. ஒரு பக்கம் ஆள் உயரத் துவைக்கும் மிஷின்கள், நடுவில் ஆவி கக்கும் தேய்ப்பு உருளை, இந்தப் பக்கம் நீள மேஜை. உருளையிலிருந்து சுடச்சுட வெளியே வரும் படுக்கை விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து, உதறி, மடித்து அடுக்கவேண்டும். சரியக்காவுக்கு எதிர்முனையில் நிற்பவள் அவளுடைய கொழுந்தனின் மனைவி. இந்த ஓரகத்திக்குக் கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது.

சரியக்கா படிப்பை விட்டதும் ஒரு தலையாட்டலில்தான். ஏழாவது படிக்கும்போது தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. "நாளைலேருந்து நீ வீட்ல இரு, சரியா?" என்று அப்பா கேட்டார். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதற்குப் பெயர் கேள்வியா? கல்யாணமும் அப்படித்தான் முடிந்தது, இந்த வேலையும் அப்படித்தான் வந்தது. நாற்பதைத் தாண்டிய பிறகு, பஸ் டெப்போவுக்கு மேல்மாடியில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடக்கிறது, பத்தாவது பரீட்சைக்கும் கம்ப்யூட்டருக்கும் சேர்த்தே சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டாள். போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்து அப்புறம்தான் வீட்டில் சொன்னாள். யாரையும் கேட்காமல் அவள் செய்த முதல் காரியம் அது.

சனியன் பிடித்தாற்போல, வகுப்பு உள்ள நாட்களில்தான் அவளுக்கு மாலை ஷிப்ட் வந்து விழுந்தது. பல வகுப்புகள் போயின. "இனிமே ஒரு வகுப்பு விட்டாலும் உங்களைப் பரீட்சைக்கு உக்கார வைக்க என்னால முடியாதும்மா. அப்புறம் அடுத்த வருஷம்தான்," என்று டீச்சர் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் என்ற வார்த்தையைச் சரியக்கா வாழ்க்கையில் நிறையக் கேட்டாயிற்று. அந்த வருஷம் வந்ததே இல்லை.

ஷிப்ட் போடுவது சூப்பர்வைசர். அதட்ட மாட்டார், திட்ட மாட்டார். சிரித்துச் சிரித்தே தலையில் மிளகாய் அரைப்பார். நிர்வாகம் ஷிப்ட் விவகாரம் முழுவதையும் போன் செயலிக்கு மாற்றியபோது பெண்கள் எல்லாரும் மிரண்டுபோய் நின்றார்கள். "உங்களுக்கு எதுக்கும்மா இந்தத் தலைவலி? நான் பாத்துக்கறேன்," என்று எல்லாருக்கும் அவரே கணக்குத் தொடங்கினார், அவரே பாஸ்வேர்டும் போட்டார். எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட், அவருடைய ஸ்கூட்டர் நம்பர். தொல்லை விட்டது என்று அவர்களும் நன்றி சொன்னார்கள்.

அந்த வாரம் வகுப்பில் பாடமே பாஸ்வேர்ட்தான். வேலை இடத்தில் ஏதாவது ஆப் வைத்திருக்கிறவர்கள் கையைத் தூக்கச் சொன்னார் டீச்சர். சரியக்கா தூக்கினாள்.

"பாஸ்வேர்ட் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியுமே. எங்க சூப்பர்வைசர் ஸ்கூட்டர் நம்பர்."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. பக்கத்தில் இருந்த காய்கறிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீச்சருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "மாத்துங்க. இப்பவே," என்றார்.

சரியக்கா எழுத்துக்கூட்டிப் படித்து வந்தவள். வாய் சொன்னால்தான் விரல் போகும். புது பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாக உரக்கச் சொல்லிக்கொண்டே அடித்தாள். கடைசி பெஞ்சு வரை கேட்டது.

"ரொம்ப நல்லாருக்கு," என்றார் டீச்சர். "இப்ப வகுப்பு முழுக்கத் தெரியும். மறுபடி மாத்துங்க. இந்தத் தடவை வாயைத் தெறக்காம."

உதட்டைக் கடித்துக்கொண்டு அடித்தாள். கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. செயலி திறந்தது. வரும் மாதம் முழுவதும் மாலை ஷிப்ட் என்று இருந்தது. அதற்குக் கீழே இரண்டு பட்டன்கள். ஒன்றில் 'சம்மதம்'. பக்கத்திலேயே இன்னொன்றில் 'மறுப்பு'.

"டீச்சர், இந்த ரெண்டாவது பட்டன் எப்ப வந்துச்சு?"

"எப்ப வந்துச்சா? அது முதல்லேருந்தே இருந்திருக்கும். உங்களைக் கேக்காம ஷிப்ட் மாத்தக் கூடாதுன்னுதானே அதை வச்சிருக்காங்க. இத்தனை நாள் யாரும்மா அமுக்கினது?"

அவளுக்கு வயிறு எரிந்தது. அவள் பெயரில், அவளை ஒரு வார்த்தை கேட்காமல், ஓர் ஆள் இத்தனை மாதமும் சரி சரி என்று அமுக்கித் தள்ளியிருக்கிறார். அதைவிட எரிச்சல் தன் மேலேயே. வாய் இருந்தும் ஊமையாக இருந்துவிட்டோமே. டீச்சர் அமுக்கச் சொன்னார். "இங்க வேண்டாம் டீச்சர். அவரு பாக்க அமுக்கணும்," என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மெக்கானிக் புருஷனுக்குக் கவலை வந்துவிட்டது. "சூப்பர்வைசரைப் பகைச்சிக்கிட்டு அங்க எப்படிக் காலம் தள்ளுவ? அது சரி, என்ன பாஸ்வேர்ட் போட்ட?"

"சொல்லக் கூடாதுங்க."

"புருஷன்கிட்ட கூடவா?"

"யார்கிட்டயும்னுதான் சொன்னாங்க. புருஷனைத் தனியா விட்டுச் சொல்லலை."

அன்று அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சாப்பிட்டார்.

மறுநாள் சூப்பர்வைசர் போனும் கையுமாக மேஜைக்கே வந்தார். "என்னம்மா, உன் கணக்குக்குள்ள போக முடியல. ஏதாவது நோண்டினியா?"

"நோண்டலை சார். மாத்திட்டேன்."

"அப்படியா, என்னன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

ஓரகத்தி பிடித்திருந்த முனை நழுவி விரிப்பு தரையில் விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவே இல்லை.

"அட, வெளையாடாதம்மா. சாயங்காலத்துக்கு ஆள் இல்ல, இன்னிக்குள்ள அனுப்பியாகணும். ஒரே ஒரு அமுக்கு."

"ஒரு அமுக்குதானே சார்? நானே அமுக்கறேன்."

ஆவி பட்டு ஈரமான கையை ஏப்ரனில் துடைத்தாள். போனை எடுத்தாள். திரை அவர் பக்கம் இருக்கும்படி பிடித்துக்கொண்டு, இரண்டாவது பட்டனை அழுத்தினாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். முடியாதுன்னு அர்த்தம்."

"ஓஹோ. அப்ப நாளைலேருந்து அழுக்கு அறைக்குப் போ."

வார்டுகளிலிருந்து ரத்தமும் வாந்தியுமாக வரும் துணிகளைக் கையால் பிரித்துப் போடும் இடம் அது. அங்கே போனவர்கள் ஒரு வாரத்தில் அழுதுகொண்டு திரும்புவார்கள்.

"போறேன் சார். காலைல வந்து போறேன். சாயங்காலம் வகுப்புக்குப் போயிடுவேன்."

போனாள். மூக்கைக் கட்டிக்கொண்டு, முழங்கை வரை உறை மாட்டிக்கொண்டு, அந்த மாதம் முழுவதும் அங்கேயே நின்றாள். ஒரு வகுப்பும் விடவில்லை. அவள் மறுத்த மாலை ஷிப்ட் போய் விழுந்தது ஓரகத்தியின் தலையில். அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அழுக்கு அறை வாசலில் நின்று சண்டைக்கு வந்தாள்.

"உன் வீம்புக்கு நான்தான் கெடச்சேனா? என் புள்ளையை யாருக்கா பள்ளிக்கூடத்துலேருந்து கூட்டிட்டு வருவா?"

"வீம்புதான். இத்தனை வருஷம் இல்லாம இருந்துச்சு, இனிமே வச்சிக்கப் போறேன். உன்னைத் தள்ளிவிட்டது நான் இல்லடி. உன் பட்டனை அமுக்கினது யாருன்னு போய்க் கேளு."

பாவம், அந்த வார்த்தை உறைத்திருக்கவேண்டும். இரண்டு வாரம் ஓரகத்தி முகம் கொடுத்துப் பேசவில்லை.

பரீட்சை அன்று வேலை முடிந்து, சரியக்கா சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். எத்தனை கழுவினாலும் மருந்து வாடை போகவில்லை. போகாவிட்டால் போகட்டும், பரீட்சைத் தாளுக்கு மூக்கா இருக்கிறது என்று துடைத்துக்கொண்டு திரும்பினால், ஓரகத்தி போனை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"அடுத்த மாசமும் எனக்கே போடப் போறாராம். எனக்கும் மாத்தணும். நீயே போட்டுக் குடுத்துடுக்கா, எனக்கு என்ன தெரியும்."

"நான் தொட மாட்டேன். நீயே செய்."

எங்கே போகவேண்டும், எதை அமுக்கவேண்டும் என்று தள்ளி நின்றே சொன்னாள். ஓரகத்தி ஒற்றை விரலால் தேடித் தேடி அமுக்கினாள். ஒருமுறை தப்பாகப் போய், திரும்ப வந்தாள்.

"ஆங், இப்ப புதுசா ஒண்ணு அடி. வாயைத் தெறக்காதே."

சொல்லிவிட்டுச் சரியக்கா திரும்பி, ஈரம் பூத்த சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மேலே பஸ் போய்விடுமோ என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் திரும்பவில்லை.

"அடிச்சிட்டேன்க்கா. என்னன்னா..."

"என்கிட்டயும் சொல்லாதே," என்று ஓர் அதட்டல் போட்டுவிட்டு, பேனாவைப் பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டு, பரீட்சைக்குப் படியேறினாள் சரியக்கா.