நாலணா லீக்

அன்றைக்கு உப்புக் கொட்டகையில் கூடியவர்கள் நான்கு பேர். லாரிக்கு மூட்டை ஏற்றும் எங்கள் கோல்கீப்பர், உப்பளத்து மேஸ்திரி, பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் பட்டாளத்துக்காரர், பி.யு.சி. முடித்திருந்ததால் எழுத்து வேலைக்கென்று உட்கார வைக்கப்பட்ட நான். வராதவன் ஒருவன்தான். யாரை நம்பிக் கூட்டம் போட்டோமோ, அவன். மரக்காணம் ஹாக்கி அணியின் சென்டர் பார்வர்டு. மாவட்ட அணியோடு பயிற்சிக்காகத் திண்டிவனம் போயிருந்தான்.

எங்கள் கரையிலிருந்து மாவட்ட அணிக்குப் போன ஒரே ஆள் அவன்தான். பயிற்சிக்குப் போகிற நாளெல்லாம் அவனுக்கு அளத்துக் கூலி கிடையாது. பஸ் காசும் கைக்காசு. ஆனாலும் போனான். ரயில்வேயில் ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுக்கிறார்கள், மாவட்ட சங்கம் பெயர் அனுப்பினால்தான் தேர்வுக்கே கூப்பிடுவார்கள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று அவன் குதிகால் வாய் பிளந்திருக்கும். ரயில்வே என்றால் அவனுக்கு ஷூ போட்டுக்கொண்டு செய்கிற வேலை, அவ்வளவுதான்.

சங்கத்தின் மேல் எங்கள் எல்லோருக்கும் மனக்குறை இருந்தது. எங்கள் பக்கம் ஒரு பந்தயம்கூட வைக்க மாட்டார்கள். உப்பு மண்ணில் பந்து உருளாதாம்.

பட்டாளத்துக்காரர்தான் பேச்சை எடுத்தார். "அமெரிக்கா பக்கம் ஐஸ் மேல ஹாக்கி ஆடறானுங்க. பெரிய லீக்காரன் சரியா காசு தரலன்னு ஒரு கும்பல் பிரிஞ்சி வந்து தனி லீக் வெச்சிட்டானுங்க. சம்பளம் சாஸ்தி. பெரிய ஆட்டக்காரனெல்லாம் இந்தப் பக்கம் ஓடியாந்துட்டான்."

"ஐஸ் மேலயா? வழுக்காதா?" என்றார் கோல்கீப்பர்.

"வழுக்கிக்கினேதான்பா ஆடறது."

"அது அவன் நாடு. நம்ம நாட்டுல அந்த மாதிரி ஒண்ணு நிக்குமா?"

நான் ரொம்பவும் தீவிரமாக யோசித்தேன். முந்தின வருடம்தான் நாடு உலகக் கோப்பையை வென்றிருந்தது. டீக்கடை ரேடியோவை விட்டு நகராமல் வர்ணனை கேட்டோம். அப்படி வென்றவர்களுக்கும் சம்பளம் வேறு எங்கிருந்தோதான் வந்தது. ஒருவர் போலீஸ், ஒருவர் பேங்க், ஒருவர் ரயில்வே. ஹாக்கிக்கென்று கூலி கொடுக்க இந்த நாட்டில் ஆள் இல்லை. டிக்கெட் வாங்கிப் பார்க்கிறவன் இருந்தால் கொடுக்கலாமே என்று சொன்னேன்.

"நாடு கெடக்கட்டும் தம்பி," என்றார் மேஸ்திரி. "மரக்காணத்துல நிக்குமா, அத்த சொல்லு."

நிற்கும் என்று முடிவு செய்தோம். மரக்காணம், கூனிமேடு, கீழ்புத்துப்பட்டு, பொம்மையார்பாளையம் என்று நான்கு அணிகள். டிக்கெட் நாலணா. ஆடுகிறவனுக்கு அளத்தில் கிடைக்கிற ஒரு நாள் கூலி. ஐந்நூறு பேர் வந்தால் கூலி போகவும் கொஞ்சம் நிற்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன்.

அவன் இல்லாமல் யாரும் நாலணா கொடுக்க மாட்டார்கள். மறுநாள் அவனைத் தேடிப் போனோம். தை மாதம், மழைத் தண்ணீர் இறைத்துவிட்டுப் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. மிதிப்பதை நிறுத்தாமலே கேட்டான்.

"கூலி நெஜமா குடுப்பீங்களா, இல்ல டீ வாங்கிக் குடுத்து அனுப்சிடுவீங்களா?"

"குடுப்போம்பா."

"சங்கத்துல பேர அடிச்சிட்டான்னா? ரயில்வே செலக்‌ஷன் வருது."

"நீ இல்லன்னா அவனுக்கு டீமே இல்லடா," என்றார் பட்டாளத்துக்காரர். "அடிப்பானா?"

அவன் என்னைப் பார்த்தான். படித்தவன் தலையாட்டினால் போதும் என்று நினைத்தானோ என்னவோ. நான் தலையாட்டினேன். அவன் வந்தான்.

வேலை நடக்காமல் கிடந்த ஒரு அளத்தை மேஸ்திரி கேட்டு வாங்கித் தந்தார். உள் வரப்புகளை வெட்டிச் சமன் செய்து, பாத்தியை மிதிப்பது போலவே மைதானத்தை மிதித்தோம். மிதிக்க ஊன்றுகோல் வேண்டும், ஆட்டக்காரர்கள் ஹாக்கி மட்டையை ஊன்றிக்கொண்டு மிதித்தார்கள். காய்ந்தபின் தரை சிலேட்டு மாதிரி ஆகிவிட்டது. பந்தைத் தட்டினால் போய்க்கொண்டே இருந்தது. கோல் வலைக்கு பொம்மையார்பாளையத்துப் பழைய மீன் வலை.

டிக்கெட் இல்லாதவன் உள்ளே வராமல் இருக்கச் சுற்றிலும் மறைப்பு வேண்டும். ஓலைத் தட்டிக்குக் காசு வேண்டும், மண்ணுக்கு வேண்டாம். அளத்துக்காரர்களுக்குத் தண்ணீரை நிறுத்தத் தெரிந்த வழி வரப்பு. ஆளையும் அதே வழியில் நிறுத்தப் பார்த்தோம். மார்பளவுக்கு வரப்பு எழுப்பி, ஒரே ஒரு வாய் விட்டு, அங்கே சீட்டுக் கட்டோடு நான் நின்றேன்.

முதல் ஆட்டத்துக்குச் சுற்றுப்பட்ட ஊரெல்லாம் வந்தது. பெருமையாக இருந்தது. கொஞ்ச நேரத்தில்தான் தெரிந்தது, என்னிடம் வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் வரப்பின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். காசு கொடுத்தவன் கீழே நின்று எட்டி எட்டிப் பார்க்க, கொடுக்காதவன் மேலே காலைத் தொங்கவிட்டுக்கொண்டு கடலை கொறித்தான்.

மீன் விற்கும் அக்கா ஒருத்தி, கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடுநாயகமாக உட்கார்ந்திருந்தாள். டிக்கெட் கேட்டேன்.

"நான் கடல பாத்துக்கினு ஒக்காந்துக்கிறேன் தம்பி. நடுவுல நீங்க வந்து ஆடறீங்க. அதுக்கு நான் இன்னா பண்றது?"

"கடல் அந்தப் பக்கம் இருக்குதுக்கா."

"திரும்பறப்ப பாப்பேன்."

அன்றைக்கு அவன் மூன்று கோல் அடித்தான். கூலியில் பாதிதான் கொடுக்க முடிந்தது.

மறுநாள் காலை மேஸ்திரி மண்வெட்டியோடு நின்றார். அளத்தில் தண்ணீர் கசிந்தால் வரப்பை உயர்த்துவார்கள். யாரும் இரண்டாவது யோசனை செய்யவில்லை, நான் உட்பட. ஆள் உயரத்துக்கு ஏற்றினோம், சரியாமல் இருக்க அகலமாகவும் போட்டோம். இரண்டாவது ஆட்டத்துக்கு ஜனங்கள் பாயோடு வந்தார்கள். அகலமான வரப்பில் குடும்பத்தோடு உட்கார வசதியாக இருந்தது. "போன தபாக்கு இப்ப நல்லா தெரியுது," என்று ஒரு பெரியவர் என்னிடமே பாராட்டிச் சொன்னார். கோல்கீப்பர் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கத்தினார்: "டேய், எறங்குங்கடா, நான் பந்த பாக்கறதா உங்கள பாக்கறதா?"

மூன்றாவது ஆட்டத்தன்று மீன் நிறையக் கிடைக்கிறது என்று பொம்மையார்பாளையத்து அணி கடலுக்குப் போய்விட்டது. ஆட்டம் நடக்கவில்லை. திண்டிவனத்திலிருந்து சேதி மட்டும் வந்தது. பிரிந்து போய் ஆடியவனுக்குச் சங்கத்தில் இடமில்லை, ரயில்வே தேர்வுக்கு அவன் பெயர் போகாது.

அவன் யாரிடமும் சண்டை போடவில்லை. பாத்தியில் மிதித்துக்கொண்டே இருந்தான். "வுடுங்க," என்றான். "கூலி மிச்சம் எப்ப வரும்?"

அதற்கு அவன் திட்டியிருக்கலாம்.

பட்டாளத்துக்காரரும் நானும் திண்டிவனத்துக்கு பஸ் ஏறினோம். சங்கத்துச் செயலாளர் பொல்லாதவர் இல்லை. பெஞ்சில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். "எனக்கும் அவன் வேணும் தம்பி. அவன சும்மா வுட்டா நாளைக்கு ஊருக்கு ஒரு லீக் வெப்பான். நூத்தம்பது ரூபா அபராதம் கட்டுங்க, லீக்க கலைச்சிட்டோம்னு சொல்லுங்க. பேர அனுப்பறேன்."

"அமெரிக்காவுலயும் வரப்பு போட்டிருந்தா அந்த லீக் படுத்திருக்கும்," என்றார் பட்டாளத்துக்காரர், திரும்பும் வழியில்.

லீக் படுத்துவிட்டது, அபராதப் பணம் மட்டும் பாக்கி. பந்துகளை விற்றோம். பட்டாளத்துக்காரர் பென்ஷனிலிருந்து ஒரு பங்கு கொடுத்தார். நாலு அணிக்காரர்களும் தங்கள் பாதிக் கூலி பாக்கியை விட்டுக்கொடுத்தார்கள். அப்படியும் பாதிப் பணம் குறைந்தது. கோல்கீப்பர் மூட்டை சுமக்கிற துண்டை விரித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றார். வரப்பு மேல் உட்கார்ந்தவர்கள்தான் முதலில் வந்தார்கள். மீன்கார அக்கா எட்டணா போட்டாள்.

"ரெண்டு ஆட்டத்துக்கு. மூணாவது நடக்கவே இல்ல, அதுக்கு கேக்காத."

கேட்கவில்லை. வாசலில் நின்று வசூலிக்க முடியாத நாலணா துண்டில் தானாக விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாடு தனியாக ஒரு லீக்கை வைத்துக் காப்பாற்ற முடியுமா என்று இப்போது கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. எங்கள் கரை ஆட்டத்துக்குக் காசு கொடுக்கவில்லை. ஆட்டக்காரனுக்குக் கொடுத்தது.

பெயர் போனது. மாசி முடிவதற்குள் தேர்வும் ஆகி, அவன் ஒரு டிரங்குப் பெட்டியோடு சென்னை பஸ்ஸில் ஏறினான். காலில் புது ஷூ, கடித்திருக்க வேண்டும், நொண்டிக்கொண்டே ஏறினான். எங்கள் அணிக்கு அப்புறம் சென்டர் பார்வர்டு அமையவில்லை. வரப்பை வெட்டிப் பாத்தி பிரித்துக் கொடுத்தோம், அந்த வருடம் அங்கே உப்பு விளைந்தது. சீட்டு அச்சடித்தது, திண்டிவனம் போய் வந்தது, அபராதம் எல்லாம் சேர்த்து எங்கள் லீக்குக்கு நாங்கள் கொடுத்தது நூற்று எழுபத்து மூன்று ரூபாய் ஐம்பது காசு.