அமாவாசையன்று ஓடிய தறி

என் வீட்டுக்காரரைத் தறிக்குழியிலிருந்தே போலீஸ்காரர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். அந்நியத் துணிக்கடை வாசலில் மறியல் செய்தவர்களோடு நின்றாராம், அதுதான் குற்றம். இழுத்த இழுப்பில் தறியில் பூட்டியிருந்த பாவு நூல் அறுந்து தொங்கியது. பின்வாசல் வழியாக வந்துபோனதால் யாரும் பார்க்கவில்லை. பத்து நாளாகியும் தகவல் இல்லை. ஸ்டேஷனில் கேட்டால், அப்படி ஒருவரைப் பிடிக்கவேயில்லை என்றார்கள். அடித்தே கொன்றுவிட்டார்களோ என்று பயந்தேன்.

சின்ன காஞ்சிபுரத்து வக்கீல் ஒருவர் வழி சொன்னார். பட்டணத்து ஹைகோர்ட்டில் ஹேபியஸ் கார்பஸ் மனுப் போடலாமாம். ஆளைக் கொண்டுவந்து நிறுத்து, எதற்காக அடைத்தாய் சொல் என்று ஜட்ஜுகள் போலீசைக் கேட்பார்களாம். என்றைக்குப் பிடித்தார்கள் என்று நான் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும். அமாவாசைக்கு முந்தின நாள் என்றேன்.

அது பொய். பிடித்தது அமாவாசையன்று. அன்று எங்கள் தெருவில் யாரும் தறியைத் தொடமாட்டார்கள். முகூர்த்தச் சேலை முடியவில்லை என்று நாங்கள் மட்டும் திருட்டுத்தனமாக உட்கார்ந்தோம். அறுந்த பாவைப் பார்க்க வந்தவர்களிடம் சொன்ன பொய்யையே வக்கீலிடமும் சொன்னேன். அமாவாசையில் நெய்தது தெரிந்தால் ஒருவரும் எங்கள் வாசலை மிதிக்கமாட்டார்களே என்ற பயம்.

பொய்ச் சத்தியம் என்று தெரிந்தால் மனு தள்ளுபடியாகும், ஆள் உள்ளேயே கிடப்பார் என்றார் வக்கீல். கையெழுத்துப் போட எடுத்த பேனாவைக் கீழே வைத்தேன். "ஐயா, அது அமாவாசைங்க. கதவ சாத்திக்கினு நெய்துக்கினு இருந்தோம்" என்று அழுதுவிட்டேன். அவர் திட்டிக்கொண்டே வேறு தாள் எடுத்தார்.

ஹைகோர்ட்டில் என் வீட்டுக்காரரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். உயிரோடு இருந்தார். கன்னம் வீங்கியிருந்தது. என்றைக்குப் பிடித்தார்கள் என்று ஜட்ஜ் கேட்டதைத் துபாஷி தமிழில் சொன்னார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் துணைக்கு வந்திருந்த தெருக்காரர்கள் நால்வரையும் பார்த்தார்.

"அமாவாசைக்கு மொத நாளுங்க" என்றார்.

வக்கீல் முகம் செத்துப்போயிற்று. நான் எழுந்துவிட்டேன். "அமாவாசைன்னே சொல்லிடுங்க. நான் எழுதிக் குடுத்துட்டேன்" என்றேன். சேவகன் என்னை அதட்டினான். அவர் தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம், அமாவாசைதான், தறியில் இருந்தேன் என்றார்.

மாஜிஸ்திரேட் முன் நிறுத்தாமல் இத்தனை நாள் அடைத்தது செல்லாது என்று அன்றைக்கே விட்டார்கள். ஸ்டேஷனில் ரயில் வந்ததும் தெருக்காரர்கள் நால்வரும் வேறு பெட்டி தேடிப் போனார்கள். போகட்டும் என்று நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.