பரீட்சைக்கு நாலு நாள், மாணவன் காட்டில்

ஹாஸ்டல் வார்டன் வேலை என்பது, நாம் பெறாத பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நம் உடம்பு சுடுகிற வேலை. பிறர் பிள்ளைகளைக் கட்டி மேய்த்து வயிற்றைக் கெடுத்துக்கொண்ட வார்டன்மார்களுக்கும் வாத்தியார்மார்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஐம்பதுகளில் போடிநாயக்கனூரில், மலைமேல் முதுவர் என்ற பழங்குடியினர் வாழும் குடிகளிலிருந்து படிக்க வரும் பையன்களுக்காகச் சர்க்கார் ஒரு சின்ன விடுதி திறந்தது. அதற்கு என்னைப் போட்டார்கள். பன்னிரண்டு பையன்கள், ஒரு சமையல்காரர், ஒரு வார்டன். இரவில் நிம்மதியாகத் தூங்கியது முதல் பதின்மூன்று பேர்தான்.

முதல் நாள் சோறு

சமையல்காரர் பரமன், ராசிங்காபுரத்துக்காரர். கல்யாண வீடுகளில் கரண்டி பிடித்தவர். பையன்கள் வந்த அன்று சாம்பாரும் சோறும் வடையும் செய்து இலை போட்டார். ஒருவனும் உட்காரவில்லை. அயலார் சமைத்ததைச் சாப்பிடுவதில்லை என்பது அவர்கள் குடி வழக்கம். அது எனக்குத் தெரியாது. எனக்கு ஆர்டர் அனுப்பிய ஆபீசுக்கும் தெரியாது.

மறுநாளும் பட்டினி. பன்னிரண்டு பிள்ளைகள் என் பொறுப்பில் வாடிப்போய்க் கிடந்தால் என் கதி என்ன என்று அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். கடைசியில் மூத்தவன் லட்சுமணன் மெதுவாக வந்து, "கேப்பை மாவு குடுத்தா நாங்களே கிண்டிக்கிறோம் சார்" என்றான். அப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். பின்கட்டில் மூன்று கல்லை வைத்துக் கொடுத்தேன். பரமனுக்குத்தான் மனசு ஆறவில்லை.

"எங்கையால தின்னு எங்க ஊர்ல இதுவரைக்கும் ஒருத்தரும் சாகல சார். இவனுக எதுக்குப் பயப்படுறானுக?"

பிறந்த தேதி

ஹைஸ்கூலில் சேர்க்கப் பிறந்த தேதி வேண்டும். லட்சுமணனின் அப்பா மலையிலிருந்து இறங்கி வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றார். எந்த வருஷம், எந்த மாதம் என்று கேட்கக் கேட்க அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். நானாக ஏதாவது எழுதி, பிற்காலத்தில் அது தப்பென்று வந்து, அவன் வாழ்க்கை கெட்டுப்போனால்? பேனாவை மூடுவதும் திறப்பதுமாகக் கால் மணி நேரம் போயிற்று. அவர்தான் எனக்காக இரக்கப்பட்டார்.

"யானைக் கூட்டம் வந்து எங்க கேப்பைக் காட்ட அழிச்ச வருசம் வாத்தியாரே. எழுதிக்கங்க, எந்த யானையவும் கூப்பிட்டுக் கேக்கலாம்."

குடுமி

லட்சுமணனுக்கு நீண்ட தலைமுடி. அதைப் பின்னால் முடிந்திருப்பான். முதல் பாரத்தில், அதாவது ஆறாம் வகுப்பில், டவுன் பையன்கள் அதைப் பிடித்து இழுத்து, காட்டான் என்று கேலி செய்தார்கள். இவன் ஒரு நாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலைக்கே போய்விடுவான் என்று நான் தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு வாசலில் நின்று தலை எண்ணுவேன். ஒரு நாள் அவன் சிரித்துக்கொண்டே வந்தான். என்னடா என்றேன். முதுவர்களெல்லாம் மதுரையிலிருந்து மீனாட்சியம்மனை முதுகில் சுமந்துகொண்டு மலையேறியவர்கள் என்று அவர்கள் குடியில் ஒரு கதை உண்டு. அதை வகுப்பில் சொல்லியிருக்கிறான்.

"நாங்க மதுரைல இருந்து வந்தவுக, நீங்க எங்க இருந்து வந்தீகன்னு கேட்டேன் சார். ஒருத்தனுக்கும் தெரியல."

அதிகாரி வந்தார்

ஆறு வருஷம் ஓடியது. லட்சுமணன் ஆறாவது பாரம், அதாவது எஸ்.எஸ்.எல்.சி. அவனுக்கு ஒரே ஆசைதான். அவர்கள் குடிக்குப் போட்ட வாத்தியார் வெள்ளிக்கிழமை இறங்கினால் செவ்வாய்க்கிழமைதான் ஏறுவார். பாஸ் செய்து, டிரெயினிங் முடித்து, அந்த இடத்துக்குத் தானே போக வேண்டும் என்பான். சாயங்காலம் இங்கிலீஷும் கணக்கும் நானே சொல்லிக் கொடுத்தேன்.

அந்த வருஷம் மேலதிகாரி சோதனைக்கு வந்தார். பின்கட்டில் புகை. எட்டிப் பார்த்தால் பையன்கள் களி கிண்டுகிறார்கள், சமையல்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார். நான் வழக்கத்தை விளக்கினேன். அவர் நல்லவர்தான், கேட்டுக்கொண்டார். ஆனால் திறந்து இத்தனை வருஷத்தில் இந்த விடுதியிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. வரை வந்தது லட்சுமணன் ஒருவன்தான், அவனும் தேறவில்லையென்றால் மூடச் சொல்லிவிடுவார்கள் என்றார். மூடினால் மற்றப் பதினோரு பேரும் மலைக்குத் திரும்ப வேண்டியதுதான். அவர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தபின் சொன்னார்.

"சோத்த அவங்களே பொங்கிக்கட்டும் வார்டன். பரீட்சைய மட்டும் நீங்க எழுதிக் குடுத்துராதீங்க."

படிப்பு லீவு

அந்தப் பயத்தில்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். விடுதியில் சின்னப் பையன்கள் சத்தம். மலையில் அமைதியாகப் படிப்பானே என்று பரீட்சைக்கு முன்னால் லட்சுமணனுக்குப் பதினைந்து நாள் லீவு கொடுத்து அனுப்பினேன். சரித்திரப் புத்தகமும் பூகோளமும் கணக்கு நோட்டும் துணிப்பையில் வைத்து, நானே மலையடிவாரத்துக் குரங்கணிக்குப் போகிற ஜீப்பில் ஏற்றிவிட்டேன். புதன்கிழமை திரும்ப வேண்டும். திங்கட்கிழமை பரீட்சை.

புதன்கிழமை வரவில்லை. ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. யானையா, காய்ச்சலா, கால் தவறி விழுந்தானா என்று உருண்டுகொண்டே கிடந்தேன். வியாழன் காலை, ஏலக்காய் லோடு ஏற்றப் போன ஜீப்பில் தொற்றிக்கொண்டு குரங்கணி போய், அங்கிருந்து நடந்து ஏறினேன். வழி அனுப்ப வந்த பரமனுக்கு என்னைப் பார்க்கவே பாவமாக இருந்திருக்கும்.

"படிக்கிற பயலக் காணோம்னா வாத்தியாரு தேடிப் போவாரு. வாத்தியாரக் காணோம்னா நா யார சார் அனுப்புவேன்?"

தேடுகிற விதம்

குடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. லட்சுமணனின் அம்மா கேப்பையைப் புடைத்துக்கொண்டிருந்தார். மகன் எங்கே என்றேன். "பொண்ணத் தூக்கிக்கிட்டுக் காட்டுக்குள்ள போயிருக்கான்" என்றார், சந்தைக்குப் போயிருக்கிறான் என்பதுபோல. போலீஸ், கேசு, விடுதி மூடல் எல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்து நின்றன.

பிறகுதான் விளக்கினார்கள். அது அவர்கள் கல்யாணம். பெண் மாமன் மகள் கருப்பாயி, அவனுக்கு ஒத்த வயது. இரண்டு பேருக்கும் சம்மதம், இரண்டு வீட்டுக்கும் சம்மதம். நிச்சயமானதும் மாப்பிள்ளை பெண்ணைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய் மறைந்துவிட வேண்டும். உறவுக்காரர்கள் தேடிக் கண்டுபிடித்துக் கூட்டி வருவார்கள், அல்லது நாளானபின் அவர்களாகவே வருவார்கள். சீக்கிரம் அகப்பட்டால் மாப்பிள்ளைக்குச் சாமர்த்தியம் போதாது என்று கேலி பேசுவார்களாம். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஊரில் இல்லையே என்றுதான் இத்தனை நாள் காத்திருந்திருக்கிறார்கள். அவனைக் கொண்டுபோய் ஒப்படைத்தது நான்.

பெண்ணின் அப்பாவிடம் கெஞ்சினேன். ஆறு வருஷப் படிப்பு, பதினோரு பிள்ளைகளின் எதிர்காலம் என்று சொல்லும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"தேடுறோம் வாத்தியாரே, தேடாம என்ன. ஆனா கெடைக்கிற மாதிரி தேட மாட்டோம்."

பாறைமேல்

அன்று அங்கேயே தங்கினேன். நம் சோற்றைத் தொடாதவர்கள் எனக்குக் களியும் கீரையும் வயிறாரப் போட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை வேறு வழி தெரியாமல், குடிக்கு மேலே இருந்த பெரிய பாறையில் ஏறி நின்று, காட்டைப் பார்த்துப் பரீட்சை அட்டவணையைக் கத்தினேன். "லட்சுமணா! திங்கட்கிழமை பத்து மணி, தமிழ்! செவ்வாய், இங்கிலீஷ்! புதன், கணக்கு!" எதிர்மலை எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னது. குடியே கூடி நின்று சிரித்தது. தொண்டை கட்டியபின் மலையிறங்கி விடுதிக்கு வந்தேன்.

திங்கட்கிழமை ஒன்பதே முக்காலுக்கு ஹைஸ்கூல் வாசலில் அவன் ஹால் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை வியர்வையில் மை கலங்க ஆரம்பித்திருந்தது. முதல் மணி அடித்தது. அப்போது தெருக்கோடியில் ஒரு தலைப்பாகை, பின்னால் ஒரு பெண், இரண்டு பேரும் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். தலைப்பாகையெல்லாம் சருகு. கோபமும் சந்தோஷமும் ஒன்றாக வர, டிக்கெட்டை நீட்டினேன். அதை வாங்கிக்கொண்டு அவன்தான் என்னைக் கடிந்துகொண்டான்.

"எதுக்கு சார் அம்புட்டுச் சத்தம் போட்டீக? அந்தப் பாறைக்கு அடியிலதான் இருந்தோம். பதில் குடுத்தா அகப்பட்டதா ஆயிருமேன்னு சும்மா இருந்தேன்."

நம்பர்

ரிசல்ட் வந்த அன்று மதுரை ரயிலில் பேப்பர் வந்தது. லட்சுமணனும் கருப்பாயியும் காலையிலேயே இறங்கி வந்து விடுதி வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். பேப்பரைப் பிரிக்க எனக்குத் தைரியமில்லை. பரமனிடம் நீட்டினேன். அவருக்கு எண்கள் மட்டும் படிக்கத் தெரியும். அதற்குமேல் அன்று எதுவும் தேவைப்படவில்லை. விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் அழுத்தி நிறுத்தினார். நம்பர் இருந்தது. நான் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதேன். பதினோரு பையன்களும் என்னைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

கருப்பாயி மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. அதிகம் பேசாத பெண். அன்றுதான் என்னிடம் முதல்முறையாக வாய் திறந்தாள்.

"காட்டுல இருந்த அத்தன நாளும் மொகலாய ராசாக்க கதையத்தான் சார் சொன்னாரு, எனக்கே பாடமாப் போச்சு. என்னயவும் எழுத விட்டிருந்தீகன்னா நானும் பாசுதான்."

அடுத்த வருஷத்திலிருந்து, படிப்பு லீவு கேட்டு வரும் பையனிடம் பாடம் முடிந்ததா என்று கேட்பதற்கு முன்னால், பெண் நிச்சயமாகியிருக்கிறதா, அவளையும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாமா என்று கேட்ட வார்டன் சென்னை ராஜ்யத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.