படிக்கட்டில் நின்ற இருவர்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகை மொத்தக்கடையை ஒட்டினாற்போல் ஒரு படிக்கட்டு உண்டு. ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாத அகலம். கீழ்ப்படியில் கால் வைக்கும்போது மிளகாய் வற்றல் நெடி மூக்கைத் துளைக்கும். மேலே போகப் போக அது கொத்தமல்லி வாசமாக மாறும். அந்த வாசம் முடியும் இடத்தில்தான் எங்கள் மென்பொருள் அலுவலகம் இருந்தது. நான் ஏறும்போது மேலிருந்து யாராவது இறங்கினால் இருவரும் சுவரோடு ஒண்டிக்கொண்டு நிற்போம். "நீங்க வாங்க" என்பார் அவர். "இல்லீங்க, நீங்க மொதல்ல வாங்க" என்பேன் நான். எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. சில நாள் இருவரில் ஒருவருக்குத் தும்மல் வந்தால்தான் அந்த வழக்கு தீரும்.

அண்ணி மட்டும் அப்படி நிற்க மாட்டார். எதிரே வருகிறவரைப் பார்த்து, "எதுக்குங்க போறீங்க?" என்று கேட்டுவிடுவார். டீ குடிக்க என்று பதில் வந்தால், "அப்ப எனக்கும் ஒண்ணு சொல்லுங்க" என்று தானே இறங்கி வழிவிடுவார். சும்மாதான் என்று பதில் வந்தால், "சும்மான்னா நீங்க திரும்ப ஏறுங்க, எனக்கு மேல வேலை கெடக்குது" என்பார். யாரும் கோபித்துக்கொண்டதாக நினைவில்லை. கேட்கிற விதத்தில் அதிகாரம் இருக்காது, தெரிந்துகொள்ளும் ஆசைதான் இருக்கும். அந்த ஆசை எனக்கும் தொற்றிக்கொண்டதால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. கல்யாணத்துக்கு முன் பெங்களூரில் ஜாவா மொழியில் நிரல் எழுதிக்கொண்டிருந்தவர். அண்ணனுக்குச் சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ்; அதை விட்டு அவரால் நகர முடியாது. அதனால் அண்ணி வேலையை விட்டுவிட்டுச் சங்ககிரி வந்தார். வீட்டிலேயே எத்தனை நாள்தான் சும்மா இருப்பது என்று நான் வேலை பார்த்த இடத்திலேயே தற்காலிகமாகச் சேர்ந்தார். தினமும் இருவரும் ஒரே பஸ்ஸில் சேலம் வருவோம். வீட்டில் அவர் எனக்கு அண்ணி, ஆபீஸிலும் அண்ணிதான். கொஞ்ச நாளில் ஆபீஸில் எல்லோரும் அவரை அண்ணி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலாளி மட்டும் மேடம் என்பார்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது லாரிக்காரர்களுக்கான ஒரு இணையப் பயன்பாடு. எந்த லோடு எந்த வண்டியில் போகிறது என்று புக்கிங் ஆபீஸ்காரர்கள் கணினியில் பதிவதற்கானது. அதை எழுதும் முறையைத் தெரியாதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், கஷ்டமில்லை. நிரல் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிந்திருக்கும்; ஒவ்வொரு துண்டுக்கும் வகுப்பு என்று பெயர். ஒரு வகுப்புக்கு இன்னொன்றின் உதவி வேண்டும் என்றால் அதைத் தானே உண்டாக்கிக்கொள்ளக் கூடாது. வாசலில் நின்று 'எனக்கு இன்னார் வேண்டும்' என்று சொன்னால் போதும். எல்லாவற்றுக்கும் வெளியே இருக்கும் ஃபிரேம்வொர்க் என்ற கட்டமைப்பு, கேட்ட ஆளை உருவாக்கிக் கையில் கொடுத்துவிடும். கேட்ட ஆள் இல்லாவிட்டால் பிழை. அதே பேரில் இரண்டு பேர் வந்து நின்றாலும் பிழை. பிழைச்செய்தி வந்தால் நாங்கள் எல்லாம் முகத்தைச் சுளிப்போம். அண்ணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, பக்கம் பக்கமாக ஓடும் எழுத்தின் அடிப்பகுதிக்குப் போய், அதன் குரலிலேயே படிப்பார். "ஏனுங்க, நீங்க கேட்ட ஆளு ஊர்லயே இல்லீங்க!" அந்தப் பிழையே சங்ககிரிக்காரர் மாதிரி பேசும்.

ஒரு வாரம் வந்த பிழை வேறு மாதிரி. ஃபிரேம்வொர்க்கின் பழைய பதிப்பில் பாதுகாப்புக் குறை இருந்ததால் புதிய பதிப்புக்கு மாறினோம். மாறியதும் பயன்பாடு எழுந்திருக்கவே இல்லை. திரையில் எழுத்துகளாலேயே ஒரு பெட்டி வரைந்திருந்தது. பெட்டிக்குள் இரண்டு பெயர்கள்: லோடு பதியும் வகுப்பு, வண்டி ஒதுக்கும் வகுப்பு. இடது ஓரத்தில் மேலே ஒரு அம்பு, கீழே ஒரு அம்பு. லோடு பதிய வேண்டுமென்றால் முதலில் வண்டி ஒதுக்குகிறவர் வர வேண்டும். அவர் வர வேண்டுமென்றால் முதலில் லோடு பதிகிறவர் வர வேண்டும். அண்ணி உற்றுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி வாய்விட்டுச் சிரித்தார். "அம்மிணி, நம்ம படிக்கட்டுல நிக்கறாங்க பாரு ரெண்டு பேரும்."

பழைய பதிப்பு இதைக் கண்டுகொள்ளாமல் சமாளித்திருக்கிறது. ஒருவரைப் பாதி உருவாக்கி அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, மீதியைப் பிறகு முடிக்கும். புதிய பதிப்பு அதை மறுத்தது. ஆனால் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தால் பழையபடி விட்டுவிடும். முதலாளிக்கு அந்த ஒரு வரிதான் வேண்டும். வெள்ளிக்கிழமை லாரி ஆபீஸ்காரர்கள் நேரில் வந்து பார்க்கப் போகிறார்கள். அவர்களுக்குத் திருப்தி என்றால் பராமரிப்பு வேலை தொடர்ந்து எங்களுக்கே. இல்லாவிட்டால் பெங்களூர் நிறுவனம் ஒன்று அந்த வேலையை வாங்கிக்கொள்ளத் தயாராக நிற்கிறது. "ஏனுங்க மேடம், ஒரு வரிதானுங்களே? போட்டுட்டுப் போலாமுங்க" என்றார் முதலாளி. "போடலாங்க சார். பாதி கட்டுன ஊட்டுல குடி வெச்சாப்புல இருக்கும். ஒரு நாள் டைம் குடுங்க, இவங்க ரெண்டு பேருக்கும் ஒருத்தர ஒருத்தர் எதுக்கு வேணும்னு பாத்துட்டு வாரேன்" என்றார் அண்ணி. முதலாளி அரைமனதாகத் தலையாட்டினார்.

அந்த வெள்ளிக்கிழமை சரியாகப் போகாவிட்டால் என்னைவிட அண்ணிக்குத்தான் அதிக நஷ்டம். வேலை நிரந்தரமாக வேண்டும் என்று முன்பு ஒருமுறை அவர் கேட்டபோது முதலாளி, "சேலத்துக்கே குடி வந்துருங்க, மறுநாளே பெர்மனென்ட் பண்ணிடலாமுங்க" என்றார். அதை வீட்டில் சொன்னபோது அண்ணன், "மொதல்ல பெர்மனென்ட் ஆகட்டும், குடி போறதப் பத்தி அப்பறம் பேசலாம்" என்றார். இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். மாதங்கள் போயின. பராமரிப்பு வேலை கைநழுவினால் ஜாவா பக்கம் ஆளே வேண்டாம். தற்காலிகமாக இருப்பவர்தான் முதலில் வீட்டுக்குப் போக வேண்டும். அண்ணி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வருவார்.

வியாழக்கிழமை காலை அண்ணி சேலம் வரவில்லை. நானும் நின்றுகொண்டேன். இருவரும் அண்ணனின் புக்கிங் ஆபீஸில் ஒரு மூலையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அண்ணன் ஒரு காதில் ஒரு போன், மறுகாதில் இன்னொரு போன் வைத்திருப்பார். லோடுக்காரர் ஒரு பக்கம், "வண்டி உறுதியா சொல்லுங்க, அப்பத்தான் லோடு" என்பார். வண்டிக்காரர் மறுபக்கம், "லோடு உறுதியா சொல்லுங்க, அப்பத்தான் வண்டி" என்பார். அண்ணன் இரண்டு போனிலும் ஒரே குரலில் "உறுதிதானுங்க" என்று சொல்லிவிடுவார். கையில் இரண்டுமே இருக்காது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த இரண்டு வகுப்புகளையும் எழுதியது நான்தான். சின்ன வயதிலிருந்து பார்த்த தொழிலை அப்படியே எழுதியிருக்கிறேன், பாதி கட்டின வீடு உட்பட. வேறு ஊர்க்காரர் யாரும் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

அண்ணி சிரிக்கவில்லை. போன் பேச்சுக்கு முன்னால் நடப்பதைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் அண்ணன் 'உறுதி' சொல்லப் போனை எடுப்பதற்கு முன் வாசலுக்கு வந்து, லாரிகள் நிற்கும் திடலைப் பார்த்து ஒரு சத்தம் கொடுப்பார். "மதுரைப் பக்கம், பத்து டன், யாருங்க இருக்கீங்க?" வண்டி நிழலில் படுத்திருக்கும் டிரைவர்கள் இரண்டு மூன்று பேர் தலையைத் தூக்குவார்கள். அதன் பிறகுதான் போன். "ஏனுங்க, லோடும் உறுதியில்ல, வண்டியும் உறுதியில்ல, அப்பறம் எத வெச்சுங்க சத்தம் போடறீங்க?" என்று அண்ணி கேட்டார். அண்ணன் யோசித்துவிட்டு, "எந்தப் பக்கம், எத்தன டன். அது தெரிஞ்சாப் போதாதா?" என்றார். இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு சேலம் பஸ் ஏறினார்.

லோடு பதிகிறவருக்கு வண்டி ஒதுக்குகிறவர் முழுசாகத் தேவையில்லை, அவருக்கும் இவர் முழுசாகத் தேவையில்லை. இருவரும் மற்றவரிடம் கேட்டுக்கொண்டிருந்தது ஊரும் எடையும்தான். அந்த இரண்டையும் மட்டும் பிரித்துப் 'பயணம்' என்று ஒரு சின்ன வகுப்பை அண்ணி எழுதினார். இருவரும் அதைக் கேட்கட்டும், அது யாரையும் கேட்க வேண்டாம். ஓட்டிப் பார்த்தோம். பெட்டியும் அம்பும் போய்விட்டன, பதிலுக்கு வேறொரு பிழை. அண்ணி அடிவரியைப் படித்து நெற்றியில் தட்டிக்கொண்டார். "பயணம்னு ஒருத்தரே இல்லீங்கங்குது! புது ஆள வேற தெருவுல உக்கார வெச்சுட்டேன், அம்மிணி." ஃபிரேம்வொர்க் தேடாத ஒரு கோப்புறையில் அந்த வகுப்பை வைத்திருந்தார். சரியான இடத்துக்கு மாற்றியதும் பயன்பாடு எழுந்து நின்றது. பாதி உருவான எதுவும் அதில் இல்லை. அடக்க முடியாத சந்தோஷம் எனக்கு.

வெள்ளிக்கிழமை லாரி ஆபீஸ்காரர்கள் வந்து பார்த்தார்கள், தோண்டித் தோண்டிக் கேட்டார்கள், வேலை உங்களுக்கே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களை வழியனுப்பக் கீழே போன முதலாளி மறுபடி ஏறி வந்துகொண்டிருந்தார். மாடியில் அண்ணியை எங்கும் காணாத அண்ணன், அவரைத் தேடிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு என்ன ஆகிறதோ என்று காலையிலேயே சங்ககிரியிலிருந்து வந்துவிட்டிருந்தார். படிக்கட்டின் நடுவில் இருவரும் எதிர்ப்பட்டார்கள். "நீங்க வாங்க" என்றார் முதலாளி. "இல்லீங்க சார், நீங்க மொதல்ல வாங்க" என்றார் அண்ணன். இருவரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். மொட்டைமாடியில் தனியாக நின்றுவிட்டு அப்போதுதான் வந்த அண்ணி, உச்சிப் படியிலிருந்து இதைப் பார்த்தார். பக்கத்தில் நான்.

"ரெண்டு பேரும் எதுக்குங்க போறீங்க?" என்றார் அண்ணி. "உங்களப் பாக்கத்தானுங்க மேடம். குடி வர்றது எப்பன்னு கேட்டுட்டா பெர்மனென்ட் ஆர்டர் போட்டறலாம்" என்றார் முதலாளி. "நானும் உன்னையத்தான் தேடறேன். ஆர்டர் வந்துட்டா ஊடு பாக்கலாம்" என்றார் அண்ணன். அண்ணி அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு வேலை வேணுங்க. ஊடு மாத்த வேண்டாங்க. பாதி நாள் சங்ககிரியில இவங்க ஆபீஸ் மாடியில உக்காந்து எழுதறேன், பாதி நாள் இங்க வாரேன். லாரிக்காரங்க பேசறது அங்கதானுங்க கேக்குது" என்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே மேடம்?" என்றார் முதலாளி. அண்ணி சிரித்த முகம் மாறாமல், "யாருங்க கேட்டீங்க?" என்றார். வீட்டிலும் ஆபீஸிலும் அவர் கூடவே இருந்தவள் நான். எனக்கும் அதைக் கேட்கத் தோன்றியதில்லை.

இப்போது ஆபீஸ் பைபாஸ் பக்கம் புதுக் கட்டிடத்துக்குப் போய்விட்டது. லிஃப்ட் இருக்கிறது, யாரும் யாருக்கும் வழிவிட வேண்டியதில்லை. நான் கல்யாணமாகி ஆத்தூர்ப் பக்கம் வந்துவிட்டேன். அண்ணி சங்ககிரியில், அப்படி உட்கார்ந்து எழுத ஆரம்பித்த அந்த ஆபீஸ் மாடியிலேயே சொந்தமாக ஒரு சின்ன நிறுவனம் நடத்துகிறார். போனில் பேசியே ரொம்ப நாளாகிறது. அவர் வேலையாக இருப்பார் என்று நான் கூப்பிடுவதில்லை, நான் வேலையாக இருப்பேன் என்று அவரும் கூப்பிடுவதில்லை போலிருக்கிறது. சண்டை ஒன்றுமில்லை, வெறும் மரியாதைதான்.

போன வாரம் மிளகாய் வாங்கச் செவ்வாய்ப்பேட்டை போனபோது கால் தானாக அந்தப் படிக்கட்டுக்குத் திரும்பியது. மேலே இப்போது மளிகைக் கடையின் கிடங்கு. நான் நாலைந்து படி ஏறியிருப்பேன், தோளில் கொத்தமல்லி மூட்டையோடு ஒருவர் இறங்கி வந்தார். "நீங்க வாங்கம்மா" என்று மூட்டையோடு சுவரில் சாய்ந்தார். "இல்லீங்க, நீங்க வாங்க" என்றேன். "நான் நின்னுக்கறனுங்க. மேல எதுக்குங்க போறீங்க?" என்று கேட்டார்.

பதில் சொல்ல வாய் எடுத்தேன், தும்மல் வந்தது. கண்ணில் தண்ணீர். "எங்க அண்ணியப் பாக்கணுங்க" என்றேன். "மேல யாரும் இல்லீங்களே" என்றார் அவர். "தெரியுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி அவருக்கு வழிவிட்டேன். ஆத்தூர் பஸ்ஸுக்குப் போகாமல் சங்ககிரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.